கிராணியம்மாவுக்குப் பத்தியம்

மலைமேல் கம்போங் ராஜாவில் நான் கோழித்தீனி வாங்கும் கடைக்குப் போன வாரம் புதுப் பொட்டலம் ஒன்று வந்திருந்தது. மேலே கொழுகொழுவென்று ஒரு கோழிப் படம், அதன் காலடியில் பூண்டு, மஞ்சள், மிளகு. தீனியோடு இரண்டு கரண்டி கலந்து போட்டால் கோழிக்குச் சளி பிடிக்காது, மழைக்காலத்திலும் முட்டை நிற்காது, மஞ்சள் கரு நல்ல நிறமாக வரும் என்று கடைக்காரர் நேற்றுத்தான் தன் வீட்டு அடுப்படியில் கண்டுபிடித்தவர் மாதிரி விளக்கினார்.

“புது டெக்னிக்கு. இப்ப பெரிய பார்ம்லலாம் இதான்லா குடுக்குறாங்க” என்றார்.

“நான் எட்டு வயசுலயே குடுத்துட்டேன் அண்ணே” என்றேன்.

விலையைக் குறைக்கச் சொல்லித்தான் இப்படிப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பொட்டலத்தைப் பையில் போட்டார். எனக்கு வீட்டுக்குப் பின்னால் நாற்பது கோழிகள் இருக்கின்றன. அவை போடும் முட்டைகளைக் கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிக் கூடைகளுக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறேன். கோழியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்கிற திமிர் கொஞ்சம் உண்டு. அந்தத் திமிரின் முதல் முட்டை கிராணியம்மா போட்டது.

கிராணியம்மா என்பது எங்கள் கோழி. பிரிஞ்சாங் ஊருக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. பின்பக்கம் அப்பா பலகையடித்துக் கட்டிய கூண்டில் ஏழு கோழிகள். அவற்றில் ஒன்று கருப்பு. கழுத்தில் மட்டும் முத்துமாலை போட்ட மாதிரி வெள்ளை. ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்து எடுத்து வைக்கும். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மனைவி கோயிலுக்கு வரும்போது அப்படித்தான் நடப்பார். பெயர் வைத்தவள் நான். அதற்காக அம்மாவிடம் இரண்டு குட்டு வாங்கினேன், ஆனால் ஒரு வாரத்தில் அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

எனக்கு எட்டு வயதான வருடக் கடைசியில் அத்தை எங்கள் வீட்டுக்குப் பிள்ளை பெற வந்திருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. ஈப்போவில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம், ஆனால் அவளுக்குத் தாய் இல்லை. அதனால் அண்ணிதான் தாய், எங்கள் லயத்து வீடுதான் தாய்வீடு. அத்தைக்கு என் கட்டிலைக் கொடுத்தார்கள். புலிப் படம் போட்ட என் கம்பளியைத் துவைத்து மடித்துப் பிள்ளைக்கென்று எடுத்து வைத்தார்கள். கட்டில் போனதைப் பொறுத்துக்கொண்டேன். புலி போனதைப் பொறுக்க முடியவில்லை. பிறக்கப் போகிறவன் யாராக இருந்தாலும் அவன்மேல் எனக்கு முன்கூட்டியே கோபம் இருந்தது.

அத்தை ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான்கு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, போன பையோடு மட்டும் திரும்பி வந்தாள். “பிள்ளை பொழைக்கல” என்று அப்பா வாசலில் என்னை நிறுத்திச் சொன்னார். “அத்தைகிட்ட ஒண்ணும் கேக்கக்கூடாது.” நான் கேட்கவில்லை. அன்றைக்கே புலிக் கம்பளி எனக்குத் திரும்பி வந்துவிட்டது. சந்தோஷப்பட்டேன் என்பதை மறைத்து இப்போது என்ன ஆகப் போகிறது? செத்துப் போவதென்றால் எனக்குத் தெரியும். எங்கள் கூண்டில் மாதத்துக்கு ஒரு குஞ்சாவது சாகும். தேயிலைச் செடியடியில் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு விளையாடப் போய்விடுவோம். பெரியவர்கள் ஏன் இப்படி நாள் கணக்கில் குசுகுசுவென்று பேசிக்கொண்டு திரிகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

அம்மா பிரசவ மருந்துக்கு வேண்டிய சாமான்களைப் பிரிஞ்சாங்கில் மளிகைக்கடை பாயிடம் ஒரு மாதம் முன்பே சொல்லி வாங்கி வைத்திருந்தாள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், மஞ்சள், வெந்தயம், பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய். பிள்ளைதான் இல்லை, பெற்ற உடம்பு இருக்கிறதே என்பது அம்மாவின் நியாயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வறுத்தாள். லயம் முழுக்கத் தும்மியது. இடித்து, பாகு காய்ச்சி, கிளறி, உருட்டி ஒரு மைலோ டின் நிறைய வைத்தாள். தினமும் விடிந்ததும் நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டையைக் கையில் ஏந்திக்கொண்டு கட்டிலருகே போய் நிற்பாள்.

“வாயத் தொற.”

“வைங்க அண்ணி. அப்புறம் சாப்பிடறேன்.”

“பச்ச உடம்பு. இந்தக் குளிர்ல சன்னி கண்டுரும். என் முன்னாடி சாப்பிடு.”

இதற்குள் மேட்டுப் பாதையில் லோரியின் ஹார்ன் கேட்கும். கொழுந்து வெட்டும் ஆட்களை ஏற்றிப்போகும் லோரி, ஓட்டுகிறவர் எங்கள் அப்பாவேதான். அப்பாவாக இருந்தாலும் அம்மாவுக்கு அந்த ஹார்ன் என்றால் பயம். உருண்டையை அத்தையின் கையில் திணித்துவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடுவாள். வீட்டில் நானும் அத்தையும் மட்டும் இருப்போம். பள்ளி விடுமுறைக் காலம்.

முதல் நாள் ஹார்ன் சத்தம் தேய்ந்ததும் அத்தை கையை நீட்டினாள். உருண்டை அப்படியே இருந்தது.

“நீ சாப்பிட்டுரு குட்டி. அம்மாகிட்ட சொல்லாத.”

கருப்பட்டி வாசனையில் மயங்கி வாயில் போட்டேன். அடேயப்பா! நாக்கு, தொண்டை, காது எல்லாவற்றிலும் தீப்பிடித்தது. அரைக்குடம் தண்ணீர் குடித்தும் அணையவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தந்தாள், மென்று தின்பது மாதிரி நடித்து ஜன்னல் வழியாகத் துப்பினேன். திங்கட்கிழமை வாயில் வைக்கவே இல்லை. நேராகக் கொண்டுபோய்க் கூண்டுக்குள் எறிந்தேன்.

கிராணியம்மா வந்தாள். ஒரு கண்ணால் பார்த்தாள், மறு கண்ணால் பார்த்தாள். கொத்தினாள். இப்போது துள்ளிக் குதிக்கப் போகிறாள் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தால், அவளோ வெல்லம் தின்பது மாதிரித் தின்று முடித்து, அலகைக் கூண்டுப் பலகையில் இப்படியும் அப்படியும் தேய்த்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று என் கையைப் பார்த்தாள். கோழிக்குக் காரம் உறைக்காது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சமயம் கிராணியம்மாவின் தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்து ஒரு மாதமாகக் கோழிகள் முட்டை போடுவதை நிறுத்தியிருந்தன. பனிமூட்டத்தில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று மூக்கால் சீறின. அத்தைக்கு வேறு எதுவும் இறங்கவில்லை, அரைவேக்காட்டு முட்டை ஒன்றுதான் குடித்தாள். கடை முட்டை பத்தியத்துக்கு ஆகாது, நாட்டுக்கோழி முட்டைதான் வேண்டும் என்று அம்மா பக்கத்து வீடுகளில் கேட்டு அலைந்தாள். ஞாயிறு இரவுச் சாப்பாட்டின்போது அப்பா தீர்ப்புச் சொன்னார்.

“அந்தக் கருப்பு ஒரு மாசமா சும்மா தின்னுட்டுத் திரியுது. வர்ற ஞாயித்துக்கிழமை மச்சான் வர்றாரு. அதுக்குள்ள முட்ட போட்டா சரி. இல்லன்னா குழம்பு.”

மச்சான் என்றால் அத்தையின் புருஷன், என் மாமா. வீட்டு மாப்பிள்ளை. அவர் வரும் நாளில் கோழி அடிக்காவிட்டால் குடும்பத்துக்கே கேவலம். ஆகவே எனக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

நான் யோசித்தேன். பெற்ற உடம்புக்குத்தான் அந்த மருந்து என்று அம்மா வாய் ஓயாமல் சொல்கிறாள். அத்தை ஒரு தடவை பெற்றவள். கிராணியம்மா எத்தனை முட்டை பெற்றிருப்பாள்! ஒரு நாளாவது அவளுக்கு யாராவது மருந்து கொடுத்ததுண்டா? வெந்நீர் வைத்ததுண்டா? சாம்பிராணி காட்டியதுண்டா? குளிர் உள்ளே இறங்கிவிட்டது, அதனால்தான் நின்றுபோய்விட்டது. இதுகூடவா அப்பாவுக்குத் தெரியவில்லை என்று அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் கோழிக்குப் பத்தியம் பார்த்தேன். அத்தைக்கு அம்மா செய்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்து வைத்திருந்தேன் அல்லவா. அத்தை தரும் உருண்டையைத் தவிட்டில் பிசைந்து ஏழு பேருக்கும் பங்கு வைத்தேன், கிராணியம்மாவுக்குப் பெரிய பங்கு. மஞ்சள் போட்ட வெந்நீர் ஊற்றப் போனேன், புறங்கையில் கீறிவிட்டாள், அதைக் கைவிட்டேன். கொட்டாங்கச்சியில் தணல் போட்டுச் சாம்பிராணி காட்டினேன். கோழிகள் இருமின. இருமினால் சளி வெளியே வருகிறது என்று அர்த்தம்.

அந்த நாட்களில் எனக்கு அத்தையின்மேல் ஒரு பொருமல் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். மலைக்கு மேலே மல்லிகை கிடைப்பது லேசில்லை. கீழேயிருந்து காய்கறி லோரியில் சொல்லிவிட்டுத்தான் வரவழைக்க வேண்டும். பொங்கலுக்கு ஒரு முழம் கேட்டாலே அம்மா முறைப்பாள். அதே அம்மா, அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் வாழையிலைப் பொட்டலத்தில் முழம் முழமாக மல்லிகைச் சரம் வாங்கி வந்தாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அத்தைக்குக் கொடுத்தாள். எனக்கு ஒரு கிள்ளுகூட இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தையின் தலையில் பூவையே நான் பார்க்கவில்லை. அறை முழுக்க வாசனை அடிக்கும், கொண்டை மொட்டையாக இருக்கும். பூவை அம்மாவும் அத்தையும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் எங்கேயோ ஒளித்து வைக்கிறார்கள் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் அத்தையோடு பேசாமல் இருந்தேன். அவள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, முட்டை வரவில்லை. பத்தியத்தில் ஏதோ குறை. யோசித்துப் பார்த்தபோது பிடிபட்டது, வயிற்றுக்கட்டு! பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்று அம்மா சொல்லியிருந்தாளே. அப்பாவின் பழைய கைலியிலிருந்து நீளமாக ஒரு பட்டை கிழித்தேன். கிராணியம்மாவை மடக்கிப் பிடித்து, இறக்கையோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். ஒரு நிமிடம் மரியாதையாக இருந்தாள். அதற்குப் பிறகு பாய்ந்தாளே ஒரு பாய்ச்சல்!

அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். லோரி அப்போதுதான் லயத்து முனையில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. கிராணியம்மா கைலித் துணி ஒரு கெஜத்துக்குப் பின்னால் இழுபட, லயத்தின் முழு நீளத்துக்கும் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். ஓடியதோடு விட்டிருக்கலாம்.

“கிராணியம்மா! கட்டு அவுந்துருச்சு! நில்லுங்க கிராணியம்மா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. லோரியிலிருந்து ஒருவர் இறங்காமல் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, நிஜமான கிராணியம்மா அந்தப் பக்கம் இல்லை. கோழி ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்கே வந்தது. அங்கே துணி துவைக்கும் கல்லருகே அத்தை நின்றிருந்தாள். சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்கிறாள். குனிந்து லாவகமாகக் கோழியை அள்ளினாள், அதன் வயிற்றைப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வயித்துக்கட்டா?”

“ஆமாத்தே. மருந்து தினம் குடுக்குறேன். இது மட்டும்தான் பாக்கி.”

அத்தை சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. கல்லின்மேல் உட்கார்ந்து, கோழியை மடியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முடிச்சை மெல்ல அவிழ்த்தாள். அவிழ்த்த பிறகும் கோழியை இறக்கிவிடவில்லை. அதுவும் என்ன நினைத்ததோ, வெதுவெதுவென்ற மடியில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு படுத்துவிட்டது. அத்தை அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் செய்வது சிரிப்பு இல்லை என்று நான் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று.

அம்மா தலையில் கட்டிய துணியோடு ஓடி வந்தாள். “ஏன்டி, லயம் சிரிக்க என்னாடி பண்ணி வெச்சே?” என்று ஓங்கிய கை பாதியில் நின்றது. கோழியின் அலகில் கறுப்பாக ஒட்டியிருந்த மருந்தைப் பார்த்துவிட்டாள். என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினாள், அதிலும் இருந்தது.

“அவள அடிக்காதீங்க அண்ணி. நாந்தான் குடுத்தேன். தினமும் நாந்தான்” என்றாள் அத்தை. பிறகு, “யாருக்கு அண்ணி? இத நான் சாப்பிட்டு இனிமே யாருக்கு?” என்றாள்.

அம்மா பூட்ஸ் காலோடு அப்படியே ஈரமண்ணில், அத்தையின் காலருகே உட்கார்ந்தாள். மேட்டில் ஹார்ன் அடித்தது. அம்மா அசையவில்லை. மறுபடி அடித்தது. அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, மூன்றாவது தடவை அடிக்காமல் லோரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஹார்னுக்கு அம்மா எழுந்து ஓடாததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

எனக்குச் சரியான உதை காத்திருக்கிறது என்று பயந்துகொண்டே தூங்கினேன். ஆனால் சனிக்கிழமை விடிந்தபோது நடந்ததே வேறு. அம்மா அத்தைக்கு மிளகும் சீரகமும் மட்டும் தட்டிப்போட்டு ஒரு ரசம் வைத்துக் கொடுத்தாள். “பூண்டு இல்ல, வெந்தயம் இல்ல. குடி” என்றாள். அத்தை குடித்தாள். பிறகு அம்மா மைலோ டின்னைத் திறந்து உருண்டை எடுத்தாள். வழக்கமான நெல்லிக்காய் இல்லை, எலுமிச்சை அளவு. அதை அத்தையிடம் கொடுக்கவில்லை. என் கையில் வைத்துவிட்டு, பூட்ஸை மாட்டப் போய்விட்டாள்.

நான் கூண்டுக்கு ஓடினேன். வைக்கோலில் முட்டை கிடந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. பக்கத்தில் கிராணியம்மா தோட்டத்தையே வாங்கிவிட்டவள் மாதிரிக் கொக்கரித்துக்கொண்டிருந்தாள்.

மருந்துதான் வேலை செய்ததா, அந்த வாரம் மழை விட்டு நான்கு நாள் வெயில் அடித்ததா, இல்லை அவளுக்கே நேரம் வந்ததா, இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அத்தைக்கு அம்மா அதை உடைத்தபோது மஞ்சள் கரு பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தது. அத்தை கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கோழி தப்பித்துவிட்டதால் அவருக்குச் சார்டின் குழம்புதான். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே அத்தை இருந்த அறையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளைக்கு டின் மீன் போட்டுவிட்டோமே, அதனால்தான் அழுகிறார் என்று எனக்குக் குற்றவுணர்ச்சியாகிவிட்டது. “மாமா, அடுத்த தடவ கண்டிப்பா கோழி” என்று அவர் காதில் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு எழுந்து கைகழுவப் போனார்.

நான்கு வருடத்துக்கு முன் எனக்கு மகள் பிறந்தாள். மஞ்சள்காமாலை என்று அவளை மட்டும் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் விளக்கடியில் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் எனக்கு நெஞ்சில் பால் கல்லாகக் கட்டிக்கொண்டு, தொட்டால் உயிர் போகிற வலி. அம்மா அதே மருந்தை உருட்டிக்கொண்டு வந்தாள். “இன்னும் பால் ஊறுறதுக்கா? எனக்கு இது முதல்ல வத்தினாப் போதும்மா” என்று அழுதேன்.

“வத்த வைக்கறதுக்கு வழி இருக்கு. அது நமக்கு வேணாம்” என்றாள் அம்மா. வெகுநேரம் என் முதுகை நீவிவிட்ட பிறகு, கேட்காமலே சொன்னாள். “மல்லிப்பூவ நெஞ்சுல வெச்சுக் கட்டினா பால் வத்திரும். உங்கத்தைக்கு நாந்தான் கட்டிவிட்டேன். ஒருபக்கம் பூவக் கட்டிவிட்டு, இன்னொரு பக்கம் பூண்டும் வெந்தயமும் போட்டுப் பால் ஊறுற மருந்தையும் நானே ஊட்டியிருக்கேன் பாரு. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு மருந்துதான்டி.”

அம்மாவிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மாமா வருவதற்கு முன்னால், பின்பக்கம் சாம்பல் குழிக்குப் பக்கத்தில் அந்தப் பூவை நான் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு முழச் சரம், நசுங்கி, பழுப்பேறிக் கிடந்தது. ஒளித்து வைத்ததை ஒருவழியாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. அதில் மல்லிகை வாசனையோடு லேசாகப் புளித்த பால் வாசனையும் வந்தது, பரவாயில்லை என்று உதறிவிட்டு, இரட்டைச் சடையிலும் சுற்றிக்கொண்டேன். நேராக அத்தையின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்று, “நல்லாருக்காத்தே?” என்று கேட்டேன்.

அத்தை என் சடையை எடுத்துப் பார்த்தாள். பூவை முகத்தருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு சடையை முன்பக்கம் எடுத்து, நெஞ்சின்மேல் அழகாகத் தொங்கவிட்டாள்.

“நல்லாருக்கு குட்டி. எங்க, இன்னொரு தடவ சுத்திக் காட்டு” என்றாள்.

நான் சுற்றிக் காட்டினேன். கிராணியம்மா மாதிரி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, அறைக்குள் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தும் காட்டினேன்.